ஒற்றைப் பிரதியின் ஆயுள்

புத்தளம் மாவட்டத்தின் கரையோர வீடுகளில், கற்பிட்டியிலிருந்து ஆலங்குடா, நுரைச்சோலை, முந்தல், உடப்பு, சிலாபம் வரைக்கும், அலுமாரியின் மேல்தட்டிலோ ரீவிக்குக் கீழேயுள்ள இழுப்பறையிலோ சில சீடி உறைகள் கிடக்கும். நிக்காஹ், சுன்னத்து வைபவம், சாமத்தியச் சடங்கு, பிள்ளையின் முதல் நன்மை, உடப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பு, தலவில் அன்னம்மாள் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போய்வந்த பயணம் என்று அவற்றில் பதிவாகியிருப்பவை பல. ஏறத்தாழ 1990களின் கடைசியிலிருந்து 2010களின் நடுப்பகுதி வரைக்கும் இந்தக் கரையில் நடந்த வீட்டு விசேஷங்களின் அசையும் படங்கள் பெரும்பாலும் இந்த வட்டுகளில்தான் இருக்கின்றன. அதற்கு முந்தியவை வீடியோ கசட்டில், பிந்தியவை கைத்தொலைபேசியில். இடைப்பட்ட அந்தக் காலம் முழுவதும் விரல் பட்டால் கறைபடியும் ஒரு பிளாஸ்ரிக் தகட்டை நம்பி நிற்கிறது. அந்தத் தகடுகள் நம் கண்ணெதிரே செத்துக்கொண்டிருக்கின்றன என்பதும், அவற்றைக் கணினியில் அப்படியே நகலெடுத்து வைப்பது ஒவ்வொரு குடும்பமும் தள்ளிப்போடாமல் செய்யவேண்டிய வேலை என்பதும்தான் நான் இன்று சொல்ல வந்தது.

ஏன் இந்தக் கரைக்கு இதைத் தனியாகச் சொல்லவேண்டும்? 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் 70,000 பேருக்கு மேல் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்து மக்களுக்கு ஒக்டோபர் 30 அன்று கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவிலிருந்து பலர் கடல்வழியே கற்பிட்டிக்கு வந்து இறங்கினார்கள். நகையும் பணமுமே கொண்டுவர முடியாத இடத்தில் கல்யாண அல்பத்தை யார் கொண்டுவந்திருப்பார்கள்? அன்றோடு பல குடும்பங்களுக்கு அதுவரைக்குமான படங்கள் எல்லாம் இல்லாமற்போயின. பின்னர் புத்தளம், கற்பிட்டி, முந்தல் பிரிவுகளில் முகாம்களிலும் கிடுகு வீடுகளிலும் வாழ்க்கையை மறுபடி தொடங்கியவர்கள் எடுத்த படங்களே அவர்களிடம் இருக்கும் மிகப் பழைய படங்கள். ஒரு நிக்காஹ் சீடியை எடுத்துப் பாருங்கள். கமராக்காரர் மாப்பிள்ளையைப் பிடிக்கத்தான் கமராவைத் திருப்புகிறார். ஆனால் பின்னால் முகாமின் கிடுகு வேலியும், தகரக் கூரையும், தண்ணீர் பவுசரும், மன்னார்ப் பேச்சு மாறாத பெரியவர்களின் குரலும் சேர்ந்தே பதிவாகிவிடுகின்றன. 2009 இற்குப் பிறகு சிலர் முசலிக்கும் எருக்கலம்பிட்டிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் திரும்பினார்கள், சிலர் இங்கேயே நிலைத்தார்கள். முகாம்களின் இடத்தில் கல்வீடுகள் எழுந்தன. இருபது வருட இடம்பெயர்ந்த வாழ்க்கையைப் பற்றி அறிக்கைகள் உண்டு. சட்டமும் சமூகமும் அறக்கட்டளை முன்னெடுத்த பிரஜைகள் ஆணைக்குழு 2011 இல் விரிவான அறிக்கையே வெளியிட்டது. அந்த வாழ்க்கை எப்படி நடமாடியது, எப்படிச் சிரித்தது என்பதைக் காட்டும் சான்றோ இந்தச் சீடிகளில்தான் இருக்கிறது.

இனி வட்டின் கதைக்கு வருவோம். கடையில் வாங்கும் சினிமாப் படத்தின் வட்டு அச்சில் அழுத்திச் செய்யப்படுவது. அதன் குழிகள் பிளாஸ்ரிக்கிலேயே பதிந்தவை. கல்யாண வீடியோக்காரர் எழுதித் தந்த வட்டு அப்படிப்பட்டதல்ல. அதில் ஒரு சாயப் படலம் இருக்கிறது. லேசர் அந்தச் சாயத்தைச் சுட்டு மாற்றுவதே பதிவு. அதற்கு மேலே ஒளியைத் திருப்பி அனுப்ப வெள்ளியோ வெள்ளிக் கலவையோ மெல்லிய பூச்சாக இருக்கிறது. சாயத்துக்கு எதிரி வெளிச்சமும் சூடும். வெள்ளிக்கு எதிரி ஈரமும் காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்களும். சீடியில் இந்தப் பூச்சு படம் ஒட்டும் மேற்பக்கத்தில், ஒரு மெல்லிய அரக்குப் படலத்துக்குக் கீழே இருக்கிறது. அதனால் கீழ்ப்பக்கத்துக் கீறலைவிட மேற்பக்கத்துக் கீறல் ஆபத்தானது. டிவிடியில் அது இரண்டு பிளாஸ்ரிக் தகடுகளுக்கு நடுவே ஒட்டப்பட்டிருக்கிறது. அங்கே ஒட்டுப்பசை விளிம்பில் விடத் தொடங்கினால் ஈரம் உள்ளே போகும். நம் ஸ்டூடியோக்கள் மணமக்கள் படத்தை வட்டமாக அச்சிட்டு வட்டின் மேல் ஒட்டிக் கொடுத்தது எல்லாருக்கும் தெரியும். அந்தத் தாள் வெயிலிலும் ஈரத்திலும் சுருங்கி விரியும்போது வட்டு லேசாக வளைகிறது, சுழலும்போது சமநிலை கெடுகிறது. அழகுக்காக ஒட்டியது இப்போது பாரமாக நிற்கிறது. என்றாலும் அதை உரித்துவிடாதீர்கள். சீடியாக இருந்தால் அரக்கும் வெள்ளியும் தாளோடு சேர்ந்து கழன்று வரும். பதிவு அதோடு முடிந்தது.

கனடாவின் அருங்கலைப் பாதுகாப்பு நிறுவனம், வெள்ளிக் கலவைப் பூச்சுள்ள எழுதத்தக்க டிவிடிக்கு 10 முதல் 20 ஆண்டு ஆயுள் என்று மதிப்பிடுகிறது. அதுவும் நல்ல முறையில் வைத்திருந்தால்தான். நல்ல முறை எது? அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனம் 2003 இல் வெளியிட்ட வழிகாட்டி 20 பாகைக்கு மேற்படாத வெப்பத்தையும் 20 முதல் 50 வீதம் வரையான ஈரப்பதனையும் சொல்கிறது. கற்பிட்டிக் குடாநாட்டில் ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல். பாலாவியிலும் புத்தளத்திலும் உப்பளங்கள் இயங்குவது இங்கே வெயிலும் காற்றும் உப்பை விளைவிக்கப் போதுமானவை என்பதால்தான். சோளகக் காற்று வீசும் மாதங்களில் தகரத்தையும் ஆணியையும் தின்னும் அந்தக் காற்று வட்டை மட்டும் விட்டுவைக்காது. ஈரப்பதன் அந்த 50 வீத எல்லைக்கு மேலேயே நிற்கும் நாட்களே இங்கு அதிகம். 2001 இல் மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டிலிருந்து மட்ரிட்டுக்குக் கொண்டுபோன ஒரு சீடியை ஆய்வாளர்கள் நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, ஒரு பூஞ்சணம் விளிம்பு வழியாக உள்ளே போய் உலோகப் பூச்சைத் தின்றிருப்பதைக் கண்டார்கள். பெலீஸும் நம்மைப்போல வெப்பமும் ஈரமும் உள்ள கரைநாடு. ஆகவே வேறோரிடத்துக் குளிர்ந்த அறைக்குச் சொல்லப்பட்ட 20 ஆண்டை நம் அலுமாரிக்கும் பொருத்திக் கணக்கிட்டால் ஏமாந்துபோவோம். 2005 இல் எழுதிய டிவிடிக்கு அந்தக் கணக்கின்படியே தவணை முடிந்துவிட்டது.

‘எங்கள் சீடி இன்னும் நன்றாகத்தானே ஓடுகிறது’ என்று பலர் சொல்வார்கள். இதுதான் முதல் மறுப்பு. நியாயமானதுபோலத் தோன்றினாலும் நம்பியிருக்கக் கூடாதது. 1960 இல் ரீட், சொலமன் என்ற இரு கணித அறிஞர்கள் வகுத்த பிழைதிருத்தும் முறை ஒவ்வொரு வட்டிலும் வேலை செய்கிறது. பதிவோடு கூடுதலாகச் சில எண்களும் சேர்த்து எழுதப்படுகின்றன. ஆங்காங்கே துளிகள் அழிந்தாலும் அந்த எண்களைக் கொண்டு இயந்திரம் அவற்றைக் கணக்கிட்டு நிரப்பிக்கொள்கிறது. பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. சேதம் கூடக் கூட இயந்திரம் அதிகம் உழைக்கிறது, படமோ முன்னைப்போலவே வருகிறது. ஓர் எல்லையைத் தாண்டிய அன்று திடீரென்று படம் சதுரம் சதுரமாக உடைகிறது, உறைந்து நிற்கிறது, பிறகு ‘வட்டு இல்லை’ என்று வருகிறது. வீடியோ கசட் இப்படிச் சாகவில்லை. அது வருடக்கணக்காகப் புள்ளி விழுந்து, நிறம் வெளுத்து, எச்சரித்து எச்சரித்துத் தேய்ந்தது. வட்டு கடைசி நாள் வரை நல்ல முகம் காட்டும். ஆகவே நன்றாக ஓடுகிறது என்பது இன்னும் நகலெடுக்க முடியும் என்பதற்கு மட்டுமே சான்று. நாளைக்கும் ஓடும் என்பதற்கு அதில் எந்த உத்தரவாதமும் இல்லை.

வட்டே தப்பினாலும் அதை வாசிக்கும் கருவி தப்பவேண்டும். வீஎச்எஸ் டெக் செய்துகொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. புதிய மடிக்கணினிகளில் வட்டுச் செலுத்தி இல்லாமற்போய் வெகுகாலமாகிறது. யூஎஸ்பியில் செருகும் தனிச் செலுத்திகள் இன்னும் விற்பனைக்கு உண்டு, விலையும் எட்டக்கூடியதே. பத்து வீட்டுக்கு ஒன்று இருந்தால் போதும். இந்த வசதி இன்னும் எத்தனை வருடத்துக்கு என்று நம்பிக் காத்திருப்பதில் அர்த்தமில்லை.

நகலெடுப்பது என்றால் என்ன என்பதில்தான் பெரிய குழப்பம் இருக்கிறது. இங்கே சற்று நின்று பேசவேண்டும். கடையில் கொடுத்தால் பெரும்பாலும் எம்பி4 ஆக மாற்றி பென்ட்ரைவில் போட்டுத் தருவார்கள். அதைப் பார்க்கலாம், பகிரலாம். ஆனால் அது மூலத்தின் நகலாகாது. டிவிடியில் படம் எம்பெக்-2 முறையில், 720க்கு 576 புள்ளிகளாக, நொடிக்கு 50 அரைச் சட்டங்களாகப் பதிந்திருக்கிறது. மாற்றும்போது அந்த அரைச் சட்டங்களைச் சரியாக இணைக்காவிட்டால் அசையும் கையிலும் தலையிலும் சீப்புப் பற்கள்போலக் கோடுகள் விழும். அந்தக் கோடுகள் பின்னர் எந்த மென்பொருளாலும் முற்றாக நீங்கா. வீசீடியின் படம் 352க்கு 288தான், ஏற்கெனவே மிக நெருக்கிச் சுருக்கியது. அதை மறுபடி சுருக்கினால் முகம் கலங்கிவிடும். ஆகவே முதலில் செய்யவேண்டியது வட்டில் உள்ளதை ஓர் எழுத்தும் மாறாமல் ஒரே கோப்பாக, ஐஎஸ்ஓ படிமமாக, கணினிக்குள் எடுப்பது. இம்க்பேர்ன் போன்ற இலவச மென்பொருள்கள் இதைச் செய்யும். வீஎல்சி அந்தப் படிமத்தை நேரடியாகவே ஓட்டும். பார்ப்பதற்கான எம்பி4 பிரதியை அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். டிவிடியைக் கணினியில் திறந்தால் வீடியோ_டிஎஸ் என்ற உறைக்குள் ஐஎஃப்ஓ என்று முடியும் கோப்பு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பியூபி என்று முடியும் இன்னொன்று இருக்கும். முதலாவதின் மறுபிரதிதான் இரண்டாவது. இந்த வட்டை வடிவமைத்தவர்களே ஒற்றைப் பிரதியை நம்பவில்லை என்பது அங்கே எழுதியே இருக்கிறது. வீசீடிக்கு ஒரு எச்சரிக்கை: அதன் படம் டிஏடி என்று முடியும் கோப்பில், தரவு வட்டுகளுக்கு உள்ள கடைசி அடுக்குப் பிழைதிருத்தம் இல்லாமல் பதிந்திருக்கிறது, வெறுமனே இழுத்து வைத்துப் பிரதி செய்தால் இடையில் குறை விழலாம். அதற்கென்று உள்ள மென்பொருளால் எடுப்பதே பத்திரம். 2000களில் வந்த கைக்கமராவின் எட்டு சென்ரிமீற்றர்ச் சின்ன டிவிடி வைத்திருப்பவர்கள், வட்டு முறைப்படி முடித்துவைக்கப்பட்டதா என்று பார்க்கவேண்டும். முடிக்காத வட்டைக் கணினி வெற்று வட்டு என்றே காட்டும். அதைக் கண்டு எறிந்துவிடாதீர்கள்.

பழுதான வட்டு வந்தால்? விண்டோஸில் இழுத்துப் பிரதி செய்யும்போது ஒரு கெட்ட இடம் வந்தாலே பிழைச்செய்தி காட்டி முழுக் கோப்பையும் கைவிட்டுவிடும். பலர் அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு ‘சீடி போயிற்று’ என்று முடிவு கட்டுகிறார்கள். போனது அநேகமாக ஒரு சில நிமிடக் காட்சியே. டீடீரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் டிவிடியின் நல்ல பகுதிகளை முதலில் வாரி எடுத்துக்கொண்டு, கெட்ட இடங்களைக் குறித்துவைத்து, பிறகு அவற்றுக்கு மட்டும் திரும்பத் திரும்ப வரும். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதை ஒரு வரைபடக் கோப்பில் எழுதிவைக்கும். அந்தக் கோப்பு இருப்பதால் இன்னொரு செலுத்தியிலோ அதே வட்டின் இன்னொரு பிரதியிலோ விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நம் கல்யாண வழக்கம் இங்கே பெரிய உதவி. டிவிடியைப் பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று, சவூதியிலோ குவைத்திலோ கட்டாரிலோ இருக்கும் தம்பிக்கு ஒன்று என்று ஒரே மூலத்திலிருந்து எழுதிக் கொடுத்திருப்பார்கள். வாப்பா வெளிநாட்டில் இருந்ததால் மகளின் கல்யாணத்தையே வட்டில் பார்த்த குடும்பங்கள் இந்தக் கரையில் ஏராளம். அந்தப் பிரதிகள் ஒரே இடத்தில் பழுதாகியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஒன்றில் போன காட்சி மற்றதில் இருக்கும். இரண்டும் ஒரே மூலத்திலிருந்து ஒரே மாதிரி எழுதப்பட்டவையாக இருந்தால், இரண்டையும் சேர்த்து ஒரு முழுப் படிமத்தை மீட்டெடுக்க முடியும்.

அடுத்த மறுப்பு இளையவர்களிடமிருந்து வரும்: ‘ஃபேஸ்புக்கிலோ யூடியூப்பிலோ போட்டுவிட்டால் போதாதா?’ போதாது. ஏற்றும் படத்தை அந்தத் தளங்கள் தங்கள் வசதிக்கு மறுபடி சுருக்குகின்றன. வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் இதே கதைதான். அதைவிட முக்கியமானது பாட்டு. நம் வீடியோக்காரர்கள் கல்யாணக் காட்சிகளுக்குச் சினிமாப் பாட்டையோ இஸ்லாமிய கீதத்தையோ சேர்க்காமல் விட்டதில்லை. தளத்தின் இயந்திரம் அந்தப் பாட்டைக் கண்டுபிடித்து ஒலியை அடைக்கும், சிலவேளை படத்தையே தடுக்கும். பாட்டோடு சேர்ந்து நிக்காஹ் ஓதிய குரலும் அடைபட்டுப் போகும். கணக்கின் கடவுச்சொல்லை மறந்தால், கணக்கு முடக்கப்பட்டால், படத்துக்கு வழியே இல்லை. தளம் காட்சிக்கு நல்லது. சேமிப்புக்கு வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க், வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில் இன்னொன்று என்று இரண்டு வேண்டும். டிவிடி ஒன்று 4.7 ஜிகாபைட். ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் இருநூறுக்கு மேற்பட்ட டிவிடிகள் அடங்கும். ஒரு பெரிய குடும்பத்தின் எல்லாக் கிளைகளுக்கும் அது போதும். அதையும் வருடத்துக்கு ஒருமுறை செருகிப் பார்க்கவேண்டும். நகல் எடுத்த அன்றே ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 என்ற சரிபார்ப்பு எண்ணைக் கணித்து எழுதிவைத்தால், பின்னொரு நாளில் மறுபடி கணித்து ஒப்பிட்டு, ஒரு துளி மாறியிருந்தாலும் கண்டுகொள்ளலாம்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு பயம் உண்டு. வட்டைப் பிரதி செய்வது என்றாலே திருட்டுப் படம் என்ற எண்ணம் பலருக்கு ஊறிவிட்டது. சினிமா வட்டுகளில் நகலைத் தடுக்கும் பூட்டு இருக்கிறது; அதை உடைப்பது வேறு விவகாரம், அதை நான் இங்கே ஆதரிக்க வரவில்லை. வீட்டு வட்டில் அப்படியொரு பூட்டும் கிடையாது. இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், வெளியான படைப்புகளையே, முறையாகக் கையில் உள்ள பிரதியிலிருந்து ஒருவர் தன் சொந்தத் தேவைக்கு ஒரு பிரதி எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. தன் பணம் கொடுத்து, தன் வீட்டு விசேஷத்தை எடுப்பித்தவர் அந்த வட்டைக் காப்பாற்றி வைப்பதில் தயங்க என்ன இருக்கிறது? மனம் ஒப்பாவிட்டால் ஸ்டூடியோக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம். பெரும்பாலும் அவரிடமும் மூலம் இருக்காது. கசட்டின் மேல் அடுத்த கல்யாணத்தை எடுத்திருப்பார். அப்படியானால் உங்கள் வீட்டு வட்டுதான் உலகத்தில் மிஞ்சியிருக்கும் பிரதி.

எனக்கு மிகக் கனமாகப்படும் மறுப்பு இதுவரை சொன்னவற்றில் இல்லை. அது பெண்களிடமிருந்து வருகிறது. பெண்கள் பக்கத்துக் காட்சிகளை அந்நியர் பார்க்கக் கூடாது என்பதற்காகவே எத்தனையோ வீடுகளில் வட்டை வெளியே கொடுப்பதில்லை. இந்த அச்சம் முழுக்க நியாயமானது. கடைக் கணினியில் ஏறிய கோப்பு அங்கே தங்கிவிட்டால் யார் பொறுப்பு? ஆனால் இந்த மறுப்பு நகலெடுப்பதற்கு எதிரானதல்ல; கடையில் கொடுப்பதற்கு எதிரானது. ஐஎஸ்ஓ எடுப்பது பாடசாலையில் கணினி படித்த பிள்ளை ஒரு பிற்பகலில் பழகக்கூடிய வேலை. உம்மாவோ மகளோ வீட்டுக்குள்ளேயே, இணையத்தைத் துண்டித்துவிட்டு, செய்யலாம். ஹார்ட் டிஸ்க்கைக் கடவுச்சொல்லிட்டுப் பூட்டி வைக்கலாம். உருவப்படமே வேண்டாம் என்று மார்க்க நோக்கில் கருதும் குடும்பங்களும் உண்டு. அவர்கள் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. வைத்திருப்பதா, அழிப்பதா என்பதைக் குடும்பம் கூடித் தீர்மானிக்கட்டும். அந்தத் தீர்மானத்தைப் பூஞ்சணத்திடம் விட்டுவிடக் கூடாது என்பதே என் வாதம்.

வீட்டுக் கல்யாணம் ஒரு ஆவணமா என்று கேட்பவர்களுக்கு இந்த மண்ணிலேயே பதில் இருக்கிறது. கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி 1859 இல் ‘தமிழ் புளூட்டாக்’ நூலை வெளியிட்டபோது, சிதறிக்கிடந்த தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் திரட்டி அச்சில் ஏற்றினார். அச்சு என்பது பல பிரதிகள். இன்று அந்த நூல் நம்மிடம் இருப்பதற்கு அதுவே காரணம். 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. வேறிடத்தில் பிரதி இருந்த நூலை மறுபடி வாங்கி அடுக்க முடிந்தது. ஒற்றை ஏடாக இருந்தது திரும்பவே இல்லை. 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் இலங்கைத் தமிழரின் நூல்களையும் பத்திரிகைகளையும் கணினியேற்றி வருவதும் இந்தப் பாடத்தின் மேல்தான். ஆனால் உங்கள் வீட்டு வட்டைத் தேடி எந்த நூலகமும் வராது. அது தனிச்சொத்து, அதற்குக் காவலர் குடும்பம்தான்.

கோப்பு கிடைத்துவிட்டால் வேலை முடிந்ததாக எண்ணிவிடக் கூடாது. இருபது வருடத்துக்கு முந்திய பந்தலில் முன்வரிசையில் இருக்கும் பெரியவர் யார், அவர் எருக்கலம்பிட்டியிலிருந்து வந்தவரா, மறிச்சுக்கட்டியிலிருந்து வந்தவரா, கமராவுக்கு முதுகைக் காட்டிச் சோறு போடும் பெண் யாருடைய மூத்த மகள் என்று சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். படத்தை ஓடவிட்டு, உம்மம்மாவை அருகில் இருத்தி, நிமிடத்தைக் குறித்து, பெயரையும் ஊரையும் உறவையும் தமிழில் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் எழுதி, படிமத்தோடு ஒரே உறையில் வையுங்கள். கோப்பின் பெயரில் ஆண்டையும் ஊரையும் விசேஷத்தையும் சேருங்கள். பெருநாளுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் சொக்லேட்டோடு அந்தக் கல்யாண டிவிடியின் பிரதியையும் கொண்டுவரச் சொல்லுங்கள். குளிரூட்டிய அறையில் இருந்த அந்தப் பிரதி உங்கள் வட்டைவிட நல்ல நிலையில் இருக்கக்கூடும்.